அலமாரியில் தூங்கும் சத்து மாத்திரை! ரத்தம் ஏறாத பெண்கள்!!

ஸ்ரீமுஷ்ணம் —

அரசாங்கம் மாத்திரை கொடுக்கிறது. இனாமாகத்தான் கொடுக்கிறது. ஆனாலும் பெண்கள் உடம்பில் ரத்தம் ஏறவில்லை! ஏன்?

பூமியையே தூக்கி நிறுத்திய பூவராக சாமி குடியிருக்கும் ஊர் ஸ்ரீமுஷ்ணம். இங்கே வீட்டையும் வயலையும் தூக்கி நிறுத்துவது பெண்கள்தான். காலையில் நடவு, மத்தியானம் களை, சாயங்காலம் அடுப்படி. இடையில் ஒரு டீ. "மூச்சு வாங்குது, தலை சுத்துது" என்றால், "வெயில்ல நின்னது" என்று சொல்லி விடுகிறார்கள். வெயில் மட்டும் காரணமில்லை. பாதிப் பேருக்கு ரத்த சோகை!

100க்கு 53 பேர்!

மத்திய அரசு 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல சர்வேயில் வந்த கணக்கு இது: தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்த சோகை. 2015-16ல் எடுத்த சர்வேயில் இது 55. நாலு வருஷத்தில் குறைந்தது இரண்டே இரண்டு!

கர்ப்பிணிகள் கணக்கு இதைவிட மோசம். 44 ஆக இருந்தது 48 ஆக ஏறி விட்டது. ஆஸ்பத்திரிகளுக்குப் பெயர் போன தமிழ்நாட்டிலேயே இந்த கதி.

இத்தனைக்கும் இது நேற்று வந்த திட்டம் இல்லை. நாடு முழுவதும் கர்ப்பிணிகளுக்கு இரும்பு சத்து மாத்திரை கொடுக்கும் திட்டம் தொடங்கியது 1970ல்! அரை நூற்றாண்டு தாண்டி விட்டது. 2018ல் "ரத்த சோகை இல்லாத இந்தியா" என்று புதிதாகவும் ஒரு திட்டம் போட்டார்கள்.

வரவு குறைவு, செலவு அதிகம்

பெண்களுக்கு மட்டும் ஏன் இந்த சோதனை? கடைக்காரர்களுக்கு சுலபமாகப் புரியும் கணக்குதான்.

மாத விலக்கில் ஒவ்வொரு மாதமும் 30, 40 மில்லி ரத்தம் போகிறது. அதோடு 15 முதல் 20 மில்லி கிராம் இரும்பும் போய் விடுகிறது. ஒரு பிரசவத்துக்கு சுமார் 1,000 மில்லி கிராம் இரும்பு வேண்டும். செருப்பில்லாமல் சேற்றில் இறங்கினால் கொக்கிப் புழு காலைத் துளைத்து உள்ளே போகும். அது குடலில் உட்கார்ந்து கொண்டு தன் பங்குக்கு ரத்தம் உறிஞ்சும்.

வரவு என்ன? சோறு, குழம்பு, மோர். அதில் இருக்கும் இரும்பில் உடம்பு எடுத்துக் கொள்வது ஒரு சிறு பங்குதான். கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் நல்லதுதான். ஆனால் காலியாகிப் போன கல்லாவை அது மட்டும் நிரப்பாது. மாத்திரை வேண்டும்.

பச்சரிசி மெல்லுவது, சாம்பல், பல்பம் தின்பது என்று சில பெண்களுக்கு பழக்கம் வரும். "வாய்க் கொழுப்பு" என்று திட்டாதீர்கள். உடம்பில் இரும்பு இல்லை என்பதற்கு அதுவும் ஒரு அடையாளம்!

4 பேரில் ஒருவர்தான்!

நர்சம்மா கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லி கிராம் இரும்பு இருக்கிறது. கூடவே போலிக் ஆசிட். கர்ப்பிணிகள் 4-வது மாதத்தில் இருந்து தினம் ஒன்று, 180 நாள் சாப்பிட வேண்டும். பிள்ளை பெற்ற பிறகும் 180 நாள். ரத்தம் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் தினம் இரண்டு.

நாடு முழுவதும் கணக்குப் பார்த்தால், பிரசவத்துக்கு முன் அந்த 180 நாளும் சாப்பிட்டவர்கள் 100க்கு 26 பேர்தான். நாலு பேரில் ஒருவர்! மற்றவர்கள் பாதியில் நிறுத்தி விட்டார்கள், அல்லது தொடங்கவே இல்லை.

ஏன் நிறுத்துகிறார்கள்? கேட்டால் வரும் பதில்கள் இவைதான்:

"வயித்தைப் பெரட்டுது."

"வெளிக்குப் போனா கறுப்பா போகுது. பயமா இருக்கு."

"புள்ளை கறுப்பா பொறக்குமாம்."

"இனாமா கொடுக்கிற மாத்திரை. என்ன நல்லா இருக்கப் போகுது?"

பயம் வேண்டாம்

இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகத்தான் போகும். உடம்பு எடுத்துக் கொண்டது போக மீதி வெளியே வருகிறது. அவ்வளவுதான். பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. அது அப்பா, அம்மா வழி வருவது.

வயிற்றைப் புரட்டுவதும் மலச்சிக்கலும் நிஜம். மறைப்பதற்கில்லை. வெறும் வயிற்றில் ஒத்துக் கொள்ளாவிட்டால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போடலாம். பகலில் குமட்டினால் ராத்திரி படுக்கும்போது போடலாம். தண்ணீர் நிறைய குடிக்க வேண்டும். அப்படியும் முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லி வேறு வகை மாத்திரை கேட்க வேண்டும். யாரிடமும் சொல்லாமல் நிறுத்துவதுதான் தப்பு.

"இனாம்" என்று ஏளனமும் வேண்டாம். அதில் இருப்பது பெரஸ் சல்பேட். உலகம் பூராவும் டாக்டர்கள் முதலில் எழுதிக் கொடுக்கும் மருந்து அதுதான். 200 ரூபாய் டானிக்கில் இருப்பதும் இரும்புதான், தங்கம் இல்லை!

டீயோடு போட்டால் வீண்!

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. மாத்திரையை வாயில் போட்டு, டீயை ஊற்றி முழுங்குகிறார்கள். டீ, காபி, பால் மூன்றும் இரும்பு உடம்பில் சேராமல் தடுக்கும். டீதான் இதில் பெரிய எதிரி. மாத்திரைக்கும் டீக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரை, வயிற்று எரிச்சல் மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது.

2017ல் சுவிட்சர்லாந்தில் இரும்பு குறைந்த இளம் பெண்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தினமும் சாப்பிடுவதை விட ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டபோது, ஒவ்வொரு மாத்திரையில் இருந்தும் உடம்பு அதிகம் இரும்பை எடுத்துக் கொண்டது! ஒரு மாத்திரை உள்ளே போனதும் "போதும்" என்று உடம்பு கதவை ஒரு நாளைக்கு சாத்திக் கொள்கிறதாம். அதனால் வயிற்றுக்கு ஒத்துக் கொள்ளாத பெண்களுக்கு இப்போது சில டாக்டர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று எழுதுகிறார்கள். ஆனால் கர்ப்பிணிகள் தாமாக மாற்றிக் கொள்ளக் கூடாது. நர்சம்மா சொன்னபடிதான்.

ஊட்டியில் நடந்தது

சத்து மாத்திரைதானே என்று அலட்சியமும் ஆகாது. 2023 மார்ச்சில் ஊட்டியில், பள்ளிக்கூடத்தில் கொடுத்த இரும்பு சத்து மாத்திரைகளை மாணவிகள் போட்டி போட்டுக் கொண்டு தின்றார்கள். எட்டாவது படித்த ஒரு பெண் இறந்தே போனாள். மேல் பூச்சு இனிக்கும். குழந்தைகள் மிட்டாய் என்று நினைத்து விடும். எட்டாத இடத்தில் வையுங்கள்.

கணவன்மார் கவனத்துக்கு

சாப்பிடத் தொடங்கி ஒரு மாதத்தில் மறுபடி ரத்தம் டெஸ்ட் செய்ய வேண்டும். ஒரு கிராமாவது ஏறி இருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் வேறு கோளாறு இருக்கலாம். மாத விலக்கு அதிகமாகப் போவது, புழு, மூலம், பரம்பரை ரத்த நோய் என்று காரணம் தேட வேண்டும். கர்ப்பிணிக்கு 7 கிராமுக்குக் கீழே போய் விட்டால் மாத்திரை போதாது. தாமதிக்காமல் சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். அந்த நிலையில் பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் அதிகம் போனாலும் உயிருக்கே ஆபத்து.

தெம்பு வந்து விட்டது என்று உடனே நிறுத்தவும் கூடாது. ரத்தம் சரியான பிறகும் மூன்று மாதம் போட்டால்தான் இருப்பு சேரும்.

அதிகாரிகளும் ஒன்றை யோசிக்க வேண்டும். எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்று ரிஜிஸ்டரில் எழுதுகிறார்கள். எத்தனை மாத்திரை வயிற்றுக்குள் போனது, எத்தனை கிராம் ரத்தம் ஏறியது என்பதல்லவா கணக்கு? அட்டையைக் கையில் திணித்து அனுப்பாமல், டீயைப் பற்றியும் கறுப்பு மலத்தைப் பற்றியும் இரண்டு நிமிஷம் பேசி அனுப்பினால் பாதி மாத்திரை குப்பைக்குப் போகாது.

வீட்டில் இருக்கும் ஆண்களுக்கும் வேலை உண்டு. "சாப்பிட்டியா?" என்று தினம் கேட்கிறீர்கள். "மாத்திரை போட்டியா?" என்றும் சேர்த்துக் கேளுங்கள்!