குட்டி போட்ட எந்திரம்! கதவை மூடிய நண்பர்கள்!

எந்திரம் குட்டி போடுமா?

"போடும்" என்று நம்பினார் ஒருவர். போட வைத்தும் காட்டினார்.

அவர் பெயர் ஏட்ரியன் போயர். இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தில் என்ஜினீயரிங் ஆசிரியராக இருந்தவர்.

தன் பாகங்களைத் தானே செய்து கொடுக்கும் ஓர் எந்திரத்தை உருவாக்க, 2005-ம் ஆண்டு அவர் வேலையைத் தொடங்கினார். அதற்கு "ரெப்ராப்" என்று பெயர் வைத்தார்.

அது எப்படி வேலை செய்கிறது?

நம் வீட்டில் இடியாப்பம் பிழிவது போலத்தான்! பிளாஸ்டிக் இழை சூட்டில் உருகி, சிறு துளை வழியாக நூல் போல வருகிறது. எந்திரம் அதை அடுக்கடுக்காகப் பிழிகிறது. ஆறியதும் அது பல்சக்கரம் ஆகும், கொக்கி ஆகும், பொம்மையும் ஆகும்.

2008-ம் ஆண்டு மே மாதம் அந்த அதிசயம் நடந்தது. ஒரு ரெப்ராப் செய்து கொடுத்த பாகங்களை வைத்து, இன்னொரு ரெப்ராப்பைப் பூட்டினார்கள். மோட்டாரும் திருகாணியும் கடைச்சரக்கு. பிளாஸ்டிக் பாகங்கள் "தாய்" கொடுத்தவை. பிறந்த "குட்டி", சில நிமிடங்களிலேயே "பேரப்பிள்ளை"க்கு ஒரு பாகத்தைச் செய்தது!

திறந்த வீடு

போயர் இதைப் பூட்டி வைத்துப் பணம் பண்ணவில்லை. வரைபடங்களை உலகத்துக்கே கொடுத்துவிட்டார்.

யாரும் செய்யலாம். மாற்றலாம். விற்கவும் செய்யலாம். மாற்றியதை வெளியிட்டால், அதன் வரைபடத்தையும் கொடுக்க வேண்டும். இதுதான் விதி. இதைத்தான் "திறந்த மூல வடிவமைப்பு" என்கிறார்கள்.

பல நாட்டு மக்கள் இதில் சேர்ந்தார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது போல வேலை நடந்தது. ஆனால் எந்தத் தேரிலும் முன்வடம் பிடிப்பவர்கள் சிலர்தானே?

மூன்று நண்பர்கள்

அந்தச் சிலரில் ஒருவர் ஸாக் ஸ்மித். 2009-ம் ஆண்டு அவரும், பிரீ பெட்டிஸ், ஆடம் மேயர் என்ற நண்பர்களும் நியூயார்க் நகரில் "மேக்கர்பாட்" கம்பெனியைத் தொடங்கினார்கள். போயரும் அவர் மனைவியும் 25 ஆயிரம் டாலர் முதல் போட்டார்கள்.

முதலில் வரைபடங்கள் திறந்தே இருந்தன. வாங்கியவர்கள் குறைகளைச் சொன்னார்கள். காசு வாங்காமல் திருத்தமும் செய்து கொடுத்தார்கள். "திங்கிவெர்ஸ்" என்ற இணையக் கிடங்கில் தங்கள் வடிவங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

கிடங்கில் இருந்தது ஊரார் பொருள். சாவி மட்டும் மேக்கர்பாட் கையில்!

கதவு மூடியது

2011-ல் முதலாளிகள் 1 கோடி டாலர் போட்டார்கள். 2012 ஏப்ரலில் ஸாக் ஸ்மித் வெளியேறினார். அதே ஆண்டு செப்டம்பரில் மேக்கர்பாட் புதிய எந்திரம் கொண்டுவந்தது. அதன் முழு வரைபடத்தை வெளியிடவில்லை.

கூட்டாளிகள் கொதித்தார்கள். ஸ்மித் வெளிப்படையாகக் கண்டித்தார். செக் நாட்டு இளைஞர் ஜோசப் புரூசா, தன் வடிவங்களைக் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். மற்றவர்களையும் எடுக்கச் சொன்னார்.

கம்பெனிக்கும் ஒரு நியாயம் இருந்தது. பல தொழிலாளிகளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அப்படியே நகல் எடுத்து மலிவாக விற்றால், எப்படிப் பிழைப்பது?

2013-ல் மேக்கர்பாட் கைமாறியது. விலை, 40 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள பங்குகள். வாங்கியது ஸ்டிராட்டசிஸ் கம்பெனி. இந்த அச்சு முறைக்கு 2009 வரை காப்புரிமை வைத்திருந்த அதே கம்பெனி!

ஆடியது, விழவில்லை

தேர் சாய்ந்ததா? இல்லை.

வரைபடங்கள் ஏற்கனவே பலர் கையில் இருந்தன. ஒருவர் கதவை மூடினாலும், கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க முடியாது. ரெப்ராப்பை எளிமையாக்கியிருந்த புரூசா, 2012-ல் பிராக் நகரில் சொந்தக் கம்பெனி தொடங்கினார். ஹாலந்தில் "அல்டிமேக்கர்" வளர்ந்தது. அதுவும் ரெப்ராப் மரத்தின் கிளைதான். 2022-ல் மேக்கர்பாட்டே அதனுடன் இணைந்தது.

கதை அதோடு முடியவில்லை. 2023-ல் அதே புரூசா, திறந்த வடிவங்களை நகல் எடுத்து விற்பவர்களால் படும் தொல்லையைச் சொல்லி, பழைய விதிகள் போதாது என்று எழுதினார். அன்று கண்டித்தவருக்கும் இன்று அதே தலைவலி!

பாடம் என்ன?

ஆகவே, இது நல்லவர், கெட்டவர் கதை அல்ல. பெரிய ஆள் வந்தால் வேலை வேகமாக நடக்கும். அதனாலேயே எல்லோரும் அவரைச் சார்ந்துவிடுகிறார்கள். அவர் விலகினால் திறமை போகிறது. சாவி அவரிடம் இருந்தால் கிடங்கும் போகிறது. எல்லாவற்றையும் விட, நம்பிக்கை போகிறது. எந்திரத்தை மறுபடி செய்யலாம். நம்பிக்கையை அச்சிட எந்திரம் இல்லை.

மூன்று காவல் வேண்டும். வேலை தெரிந்தவர் ஒருவருக்கு மேல் இருக்க வேண்டும். நகல் பல இடங்களில் இருக்க வேண்டும். பணம் வந்தால் என்ன செய்வது என்பதை, பணம் வருமுன்பே பேசி எழுதி வைக்க வேண்டும்.

நம் தெருச் சங்கத்துக்கும் இது பொருந்தும். கணக்குப் புத்தகமும் பெட்டிச் சாவியும் ஒரே ஆளிடம் இருக்கிறதா? அவர் தங்கமானவராகவே இருக்கட்டும். நாளைக்கு அவர் ஊர் மாறிப் போனால்?

இன்றே ஒரு நகல் எடுத்து வையுங்கள்!