வேலையைக் காப்பாற்ற ஒரு புத்திமதி

நம் வயதுக்காரர்கள் பிள்ளைகளுக்கு ஓயாமல் சொல்வது இது: "காலம் கெட்டுக் கிடக்கிறது. லீவு போடாதே, எதிர்த்துப் பேசாதே. நீ இல்லாவிட்டால் கம்பெனி நடக்காது என்று ஆக்கிக்கொள்." நானும் பல வருடம் சம்பளத்துக்கு உழைத்தவன்தான். சொல்கிறேன், இது அரைகுறைப் புத்திமதி.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. வரித் தகராறும் கம்பெனி கைமாறியதும் காரணம். மறைமலை நகர் ஃபோர்டு ஆலையை மூடுவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள், நஷ்டமாம். லீவே போடாதவருக்கும் அடிக்கடி போட்டவருக்கும் ஒரே கேட்தான் சாத்தப்பட்டது.

அப்படியானால் உழைக்க வேண்டாமா? நன்றாக உழைக்கட்டும். ஆனால் அந்த மதிப்பு கம்பெனியோடு போய்விடக் கூடாது, கையோடு வரவேண்டும். நாலு இடத்தில் செல்லுபடியாகும் வேலையைக் கற்றுக்கொள்ளட்டும். பயிற்சிச் சான்றிதழ், சம்பளச் சீட்டு எல்லாம் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும். பி.எஃப். பணம் கணக்கில் ஏறுகிறதா என்று பார்க்கட்டும். சங்கம் இருந்தால் சேரட்டும். ஆட்குறைப்பு செய்தால் தொழிலாளிக்கு வருடத்துக்கு 15 நாள் சம்பளம் நஷ்டஈடு என்பது 1953-லேயே சட்டத்தில் ஏறியது. அது முதலாளி போடும் பிச்சை அல்ல.

இவ்வளவும் செய்தும் வேலை போய்ப் பிள்ளை வீட்டுக்கு வந்தால், "நீ ஒழுங்காக வேலை பார்த்திருந்தால்..." என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். முதலில் சாப்பாடு போடுங்கள்.