சட்டத்தரணி ஆவது எவ்வாறு?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணியில்லாத குடும்பம் அரிது. காணி உள்ள இடத்தில் எல்லை உண்டு. எல்லை உள்ள இடத்தில் வழக்கும் உண்டு. பூவரச வேலி ஒரு முழம் தள்ளி நடப்பட்டது என்றும், பங்குக் கிணற்றில் இறைப்பு முறை பிசகிவிட்டது என்றும், வழி வாய்க்கால் அடைபட்டது என்றும் நீதிமன்றப் படியேறிய குடும்பங்களை ஒவ்வோர் ஊரிலும் காணலாம். ஆதலின் அப்புக்காத்து, பிறக்கிராசி, நொத்தாரிசு என்னும் சொற்கள் எம்மவர் வீடுகளில் நெடுங்காலமாகப் புழங்கி வந்தன. பிள்ளைக்குக் கணக்கு வந்தால் எஞ்சினியர், வாய்வல்லமை இருந்தால் அப்புக்காத்து என்று மனக்கோட்டை கட்டாத பெற்றோர் சிலரே. ஆயினும், அத்தொழிலிற் புகுவோரிடம் நாடு எத்தகுதியை எதிர்பார்க்கிறது, ஏன் எதிர்பார்க்கிறது என்பதைத் தெளிவாக அறிந்தோர் தொகை அதனினும் குறைவு. உயர்தர வகுப்பு மாணவருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் பயன்படும் எனக் கருதி, இவ்வாரம் இதனை ஆராய்வோம்.

முதலிற் பெயர்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். 1973ஆம் ஆண்டு முடியும்வரை இந்நாட்டில் வழக்குத் தொழில் இரு கூறாய் இருந்தது. நீதிபதிமுன் எழுந்து வாதிப்பவர் அப்புக்காத்து. கட்சிக்காரரைச் சந்தித்து, பத்திரங்களை ஆயத்தஞ் செய்து, வழக்கை நடத்துவிப்பவர் பிறக்கிராசி. பிறக்கிராசிமாருள்ளும் இரு வகையினர் இருந்தனர். எல்லா நீதிமன்றங்களிலும் தொழில் புரியும் உரிமை பெற்றோர் ஒரு வகை. ஒரு மாவட்ட நீதிமன்றத்தின் எல்லைக்குள் மாத்திரம் உரிமை பெற்றோர் மற்றொரு வகை. 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் 1974 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தபோது இப்பிரிவினை நீங்கியது. அன்றுதொட்டு எல்லோரும் சட்டத்தரணி என்னும் ஒரே பெயருக்குரியர் ஆயினர். நொத்தாரிசுப் பதவி மாத்திரம் தனியாகவே நிற்கிறது. காணி உறுதி முடிப்பவருக்கு வழங்கப்படும் ஆணைப்பத்திரத்தில் அவர் எந்த எல்லைக்குள், எந்த மொழியில் உறுதி எழுதலாம் என்பது குறிக்கப்படும். சட்டத்தரணியாய் இருப்பவர் அவ்வாணையையும் பெற்றால் இரு தொழிலையும் ஒருங்கே புரியலாம்.

இனி, தகுதி யாது? 1833ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் இதனை மிகச் சுருக்கமாகக் கூறிற்று. நற்பெயர் உடையவராயும், போதிய அறிவும் ஆற்றலும் உடையவராயும் இருப்போரை உயர் நீதிமன்றம் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே அதன் கருத்து. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழிந்து, 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம் வந்தபோதும் அதே கருத்தே நிலைபெற்றது. ஆட்சி மாறியது; கொடி மாறியது; அரசியலமைப்பு பன்முறை மாறியது; இந்த அளவுகோல் மாத்திரம் மாறவில்லை. இதில் நற்பெயர் முதலிலும் அறிவு அடுத்தும் வைக்கப்பட்டிருப்பதை மாணவர் உற்றுநோக்குவாராக. படித்த பொய்யன் படியாத பொய்யனிலும் கொடியன் என்பதை நீதிமன்றங்கள் நன்கறியும்.

அறிவை அளக்கும் முறைதான் காலத்துக்குக் காலம் மாறியது. தொடக்கத்தில் நீதிபதிகளே விண்ணப்பகாரரை நேரிற் சோதித்தனர். 1873ஆம் ஆண்டிற் சட்டக் கல்விப் பேரவை அமைந்தது; 1874இல் கொழும்பிற் சட்டக் கல்லூரி தோன்றியது; 1900ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பேரவைக்குச் சட்டபூர்வமான உருவம் அளித்தது. இக்கல்லூரி தோன்றுமுன் கடல் கடந்து சட்டம் பயின்ற யாழ்ப்பாணத்தவரும் உளர். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். பின்னர் 1871இற் சட்டப் பட்டமும் பெற்று வழக்கறிஞராய் விளங்கி, புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் அமர்ந்தார். பழைய ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கிப் பதிப்பித்த அப்பெரியாரையே சட்டமும் தமிழும் பகையல்ல என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

இன்று ஒரு மாணவன் கடக்க வேண்டிய படிகள் இவை. முதலாவது, சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சை. இதற்கு விண்ணப்பிக்கப் பொதுக் கல்விப் பரீட்சைகளிற் குறித்த சித்திகள் வேண்டும். ஆண்டுதோறும் வெளியாகும் அறிவித்தலில் அவ்விவரங்களை நேரிற் பார்த்துத் தெளிதல் நன்று. பரீட்சையில் மொழித் திறனும் பொது அறிவும் நுண்ணறிவும் சோதிக்கப்படும். இரண்டாவது, மூன்றாண்டுக் கல்வியும் ஆண்டுக்கொரு பரீட்சையும். ஒப்பந்தம், குற்றவியல், சான்று, ஆதனம், அரசியலமைப்பு, வழக்கு நடவடிக்கை முறை முதலியன இங்கு பயிலப்படும். பல்கலைக்கழகத்திற் சட்டமாணிப் பட்டம் பெற்றோருக்குச் சில பரீட்சைகளில் விலக்கு உண்டு. ஆயினும் கல்லூரி வாயிலை முற்றாகத் தவிர்க்க அவர்க்கும் இயலாது. மூன்றாவது, அனுபவம் முதிர்ந்த சட்டத்தரணி ஒருவரின்கீழ் ஆறு மாதத் தொழிற்பயிற்சி. நான்காவது, நன்னடத்தைச் சான்றுகளுடன் உயர் நீதிமன்றத்துக்கு விண்ணப்பஞ் செய்து, நீதியரசர்முன் சத்தியப்பிரமாணம் எடுத்து, பெயரேட்டிற் கையொப்பமிடுதல். அதன் பின்னரே கறுப்பு அங்கி தரிக்கும் உரிமை. அங்கி தரித்த பின்னரும் வஞ்சகமோ முறைகேடோ குற்றமோ புரிந்தால், பெயரைச் சேர்த்த அதே நீதிமன்றம் பெயரை வெட்டவும் வல்லது.

இப்படிகளுள் ஆறு மாதத் தொழிற்பயிற்சியைச் சடங்காக எண்ணுவோர் உளர். எமக்கு அது உடன்பாடன்று. கட்சிக்காரரின் கண்ணீரிடையே உண்மை எது, கோபம் எது எனப் பிரித்தறிவது எப்படி? வெல்லாத வழக்கை வெல்லாது என்று முகத்துக்கு நேரே சொல்வது எப்படி? நூறாண்டு பழைய உறுதியில் கிழக்கெல்லையும் மேற்கெல்லையும் மாறிக் கிடந்தால் அதனைத் தீர்ப்பது எப்படி? இவற்றை எந்தப் பாடநூலும் கற்பிப்பதில்லை. மூத்தவரின் மேசையருகே நின்று கண்டும் கேட்டுமே கற்க வேண்டும்.

எமது குடாநாட்டவர்க்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. எமக்கெனத் தனி வழக்குச் சட்டம் இருப்பதை யாவரும் அறிவர். 1706இல் ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்சின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவை கிளாஸ் ஐசாக்சு தொகுக்கத் தொடங்கிய தேசவழமை 1707இல் நிறைவெய்தியது. பன்னிரண்டு முதலிமார் அதன் தமிழ் வடிவத்தைப் பார்த்து ஒப்பினர். 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கிலேய அரசும் அதனை ஏற்றது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்பன எமக்கு வீட்டுச் சொற்கள். நீதிமன்றத்திலோ அவை குடும்பத்தின் வாழ்வையும் தாழ்வையும் நிர்ணயிக்கும் சொற்கள். 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் பெயரிலுள்ள நிலத்தை உரிமை மாற்றுவதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என விதித்தது. போரிலே கணவன் காணாமற்போன பெண் அச்சம்மதத்தை எவரிடம் பெறுவாள்? மகளின் படிப்புக்கோ திருமணத்துக்கோ தன் சீதனக் காணியில் ஒரு துண்டை விற்க, அவள் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை நாடியே நிற்க வேண்டியவளானாள். அவள்முன் அமர்ந்திருக்கும் சட்டத்தரணி இவ்விதியையும் அதற்குரிய பரிகாரத்தையும் அறிந்தவராயின் அவளுக்கு வழி பிறக்கும். அறியாதவராயின் அவர் முடித்துக் கொடுக்கும் உறுதி பிற்காலத்திற் செல்லாக் காசாகும். தகுதிப் பரீட்சை எவர் நலனுக்காக ஏற்பட்டது என்பதற்கு இதனினும் வேறு விளக்கம் வேண்டுமோ?

சின்னஞ்சிறு நாடுகளும் இதனை உணர்ந்துள்ளன. ஆங்கிலக் கால்வாயிலுள்ள கேர்ன்சித் தீவு எமது குடாநாட்டிலும் மிகச் சிறியது. ஆயினும் அங்கு பழைய நோர்மன் வழக்குச் சட்டம் வேரூன்றியிருந்தமையால், இங்கிலாந்திற் பட்டம் பெற்றவரும் பிரான்சிலுள்ள கான் பல்கலைக்கழகஞ் சென்று அச்சட்டத்தைப் பயின்று வரவேண்டும் என்ற விதி நெடுங்காலம் நிலவியது. ஊரின் வழமையை அறியாதவர் ஊரின் வழக்கை ஏற்கலாகாது என்பதே அதன் உட்பொருள். எமது மாணவரும் தேசவழமையைப் பரீட்சைக்குரிய ஒரு வினாவாக மாத்திரம் கருதாது, உயர் நீதிமன்ற நீதியரசராய் விளங்கிய எச். டபிள்யூ. தம்பையா அவர்கள் அதுபற்றி எழுதிய நூலையும் ஆழ்ந்து கற்பாராக.

அடுத்து, மொழி வினா. ஒரு காலத்தில் இத்தொழில் முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. 1961ஆம் ஆண்டின் நீதிமன்ற மொழிச் சட்டம் சிங்களத்தை முன்னிறுத்தியபோது எம்மவர் கொண்ட கவலை வரலாறு அறிந்தது. 1988ஆம் ஆண்டின் 16ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின் பின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நீதிமன்ற மொழி தமிழ் என்பது தெளிவாயிற்று. இந்நிலையில், சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மாத்திரம் நடத்துவதற்கான விதி 2020 டிசம்பர் இறுதியில் வர்த்தமானியில் வெளியாயிற்று. கிராமப் பாடசாலைகளில் தாய்மொழியிற் பயின்றவர்க்கு இது கதவடைப்பாகும் என்ற குரல் தமிழரிடையே மாத்திரமன்றிச் சிங்களவரிடையேயும் எழுந்தது. 2023 மார்ச்சிற் பாராளுமன்றம் அவ்விதியை வாக்கெடுப்பில் நிராகரித்தது.

அம்முடிவை நாம் வரவேற்கிறோம். சாட்சி தமிழிற் பேச, உறுதி தமிழில் இருக்க, நீதிபதி தமிழில் எழுத, வாதி மாத்திரம் பிறமொழியிற் சோதிக்கப்படுதல் பொருந்தாது. எனினும், இதனை ஆங்கிலத்தைக் கைவிடுவதற்கான அனுமதிச் சீட்டாக எவரும் கொள்ளலாகாது. நூறாண்டுக்கு மேற்பட்ட தீர்ப்புத் திரட்டுக்கள் ஆங்கிலத்திலேயே உள. மேன்முறையீட்டு வழக்குகள் பெரும்பாலும் அம்மொழியிலேயே வாதிக்கப்படுகின்றன. தமிழில் மாத்திரம் வல்லவர் தம் கட்சிக்காரருக்குக் கீழ் நீதிமன்றத்திற் பெற்ற வெற்றியை மேல் மன்றத்திற் காப்பாற்ற இடர்ப்படுவார். ஆங்கிலத்தில் மாத்திரம் வல்லவரோ பழைய உறுதியின் ஒரு வரியைப் படிக்கவும் பிறர் உதவியை நாடுவார். சிங்களமும் அறிந்தவர்க்கோ நாடு முழுவதுமே களம்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. கொழும்பிலே தங்கிப் படிக்கும் செலவு சிறிதன்று. பயிற்சிக் காலத்தில் வருமானத்தை எதிர்பார்த்தல் அரிது. பெயர் பதிந்த பின்னரும் கட்சிக்காரர் வந்து சேரச் சில ஆண்டு செல்லும். இவற்றை முன்னரே கணக்கிட்டுக் கொள்க. ஆயினும் வறுமை தடையாகாது என்பதற்கும் முன்மாதிரி உண்டு. தெல்லிப்பழையிற் கல்வி தொடங்கிய எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்கள் ஆசிரியத் தொழில் புரிந்துகொண்டே சட்டம் பயின்று அப்புக்காத்தானவர். பகலிற் பிறர்க்குப் பாடஞ் சொல்லி, எஞ்சிய நேரத்தில் தாம் பாடம் படித்த அவ்வுறுதி இன்றைய இளைஞர்க்கும் வாய்க்குமாக.

மாணவர்க்கும் ஒரு வார்த்தை. வாய்ப்பேச்சு இத்தொழிலுக்கு வேண்டுவதே. ஆனால் அதனினும் வேண்டுவது செவி. மற்றவர் துயரைப் பொறுமையாகக் கேட்கும் செவியும், கேட்டதை வெளியிடாத நாவும், பணத்துக்காக வழக்கை நீட்டாத நெஞ்சும் உடையவரைத்தான் சட்டம் ‘நற்பெயர் உடையார்’ என்கிறது. அப்பெயரை எந்தக் கல்லூரியும் வழங்குவதில்லை. அதனை இப்பொழுதே, பாடசாலைக் காலத்திலேயே, ஒவ்வொருவரும் தாமே தேடிக்கொள்ளுதல் வேண்டும். அதுவே அவரவர் முதல் தேடியதேட்டம்.