வேப்பம்பட்டையும் 499 ரூபாயும்

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசி வரை அதையேதான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு ஸ்கார்ஃப் எதுக்கு?"

மத்தியானம் இரண்டு மணிக்கு ஏதாவது ஒரு சிக்னலில் நின்று பாருங்கள். ஸ்கூட்டியில் போகும் பெண்களில் பாதிப்பேர் கண் மட்டும் தெரிகிற மாதிரி முகத்தைச் சுற்றித் துணி கட்டியிருப்பார்கள். குளிருக்கா கட்டுகிறார்கள்? வெயிலுக்கும் புழுதிக்கும்தான். உல்லன் நூலில் பின்னினால்தான் வேர்க்கும், பருத்தி நூலில் பின்னினால் ஒன்றும் ஆகாது. தவிர, குரோஷா என்றால் ஏதோ குளிர்தேசத்து விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2016 ஜனவரியில் சென்னையில் பெண்கள் கூட்டாகச் சேர்ந்து 11,148.5 சதுர மீட்டருக்கு ஒரு குரோஷா போர்வை செய்து கின்னஸில் ஏறினார்கள். அடுத்த வருஷமே உலகத்தின் நீளமான குரோஷா ஸ்கார்ஃபும் நம்ம சென்னையிலேயே செய்தாயிற்று. போதுமா? :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். இரண்டு மாசமாக நான் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து (பாடமும் கவனித்துக்கொண்டுதான்!) பின்னிய ஸ்கார்ஃப் பற்றியும், அதைப் பார்த்தவர்கள் சொன்ன விலை பற்றியும்தான் இந்தப் பதிவு.

குரோஷா தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஸ்வெட்டர் பின்னுவது இரண்டு ஊசியில். குரோஷா ஒரே ஊசி, அதன் முனையில் ஒரு கொக்கி. நூலைக் கொக்கியில் மாட்டி ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையமாக இழுத்துக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். பழைய வீடுகளில் டிவி மேலேயும் சோபா முதுகிலேயும் வெள்ளை வெள்ளையாகப் போட்டிருப்பார்களே, அதுதான்.

"இயற்கையைப் பார்த்துச் செய்தது" என்று இணையத்தில் தேடினால் வருகிற ஸ்கார்ஃபுகளில் முக்கால்வாசி எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு சாதாரண பச்சை ஸ்கார்ஃப், நுனியில் தனியாகப் பின்னிய நான்கு இலையைத் தைத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். கேட்டால் காடு என்பார்கள். இலையைப் பிய்த்துவிட்டால் காடு போய்விடும் என்றால் அது என்ன காடு? இன்னொரு வகை, க்ரோக்கடைல் ஸ்டிச். மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவரும், பார்க்க நிஜமாகவே அழகு. ஆனால் நூலைக் குடிக்கும், கனக்கும். அதைவிட முக்கியமான குறை, பின்பக்கம் மொட்டையாக இருக்கும். சுவரில் மாட்டுவதற்குச் சரி. ஸ்கார்ஃபுக்கு ஏது பின்பக்கம்? கழுத்தில் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு பக்கமும் தெரிந்துவிடும். ராஸ்பெர்ரி மாதிரி உருண்டை உருண்டையாக வரும் பாப்கார்ன் ஸ்டிச்சுக்கும் இதே கதைதான்.

என் கட்சி இதுதான். இயற்கையின் படத்தைக் காப்பி அடிக்காதீர்கள், அது உருவாகும் விதத்தைக் காப்பி அடியுங்கள்.

நான் எடுத்துக்கொண்டது வேப்பமரப் பட்டை. முதிர்ந்த வேம்பு ஒன்றின் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். பட்டையில் மேடுகள் மேலிருந்து கீழாக ஓடும், ஆனால் நேர்கோடாக ஓடாது. கொஞ்ச தூரம் தனியாகப் போகும், பக்கத்து மேட்டோடு சேரும், மறுபடி பிரியும். நடுவே நீளநீளமாக வெடிப்பு. ஏன் இப்படி? மரம் உள்ளே பருத்துக்கொண்டே போகிறது. வெளிப்பட்டையோ செத்துப்போன திசு, அதனால் கூடவே வளர முடியாது. உள்ளே தள்ளத் தள்ள வெளியே கிழிகிறது. பட்டையின் அழகு முழுக்க இந்த இழுபறியில் வந்ததுதான்.

இந்த இழுபறி குரோஷாவிலும் உண்டு. சாதாரணமாகக் கொக்கியைப் போன வரிசைத் தையலின் தலைக்குள் விடுவோம். அதற்குப் பதிலாக அந்தத் தையலின் தண்டைச் சுற்றிக் கொக்கியை விட்டு இழுத்தால், அந்தத் தையல் மட்டும் துணியை விட்டு வெளியே எழும்பி நிற்கும். முன்பக்கமாகச் சுற்றினால் மேடு, பின்பக்கமாகச் சுற்றினால் பள்ளம். திருப்பிப் பார்த்தால் அங்கே மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் இருக்கும். அதாவது இரண்டு பக்கமும் பட்டை! ஐந்தாறு வரிசை ஒரு மேட்டை நேராகக் கொண்டுபோய், பிறகு ஒரு தையல் தள்ளி அடுத்த தண்டைப் பிடித்தால் மேடு சாயும். இரண்டு மேடு ஒரே தண்டில் வந்து சேர்ந்தால் கிளை. எந்த வரிசையில் சாய்ப்பது என்பதற்கு நான் பேட்டர்ன் எதுவும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. மரத்திடம் மட்டும் பேட்டர்ன் இருக்கிறதா என்ன?

ஒரு சின்ன டிப்ஸ்: இந்த மாதிரி மேடு பள்ளம் வந்தால் துணி விறைத்துக்கொள்ளும். நூல் உறையில் போட்டிருப்பதைவிட ஒரு அளவு பெரிய ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் 4 மி.மீ. ஊசியில் போட்டேன், கழுத்தில் மடங்கி உட்காருகிறது.

விதத்தைக் காப்பி அடிப்பது என் கண்டுபிடிப்பு இல்லை. லாத்வியாவைச் சேர்ந்த டைனா தைமினா என்ற கணக்கு ஆசிரியை, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1997-ல் ஒரு காரியம் செய்தார். ஹைபர்போலிக் தளம் என்று ஜியோமெட்ரியில் ஒன்று உண்டு. நடுவிலிருந்து விலக விலகப் பரப்பு வேகமாகப் பெருகிக்கொண்டே போகும் தளம். அதைக் காகிதத்தில் ஒட்டிக் காட்டுவார்கள், கிழிந்துபோகும். அவர் குரோஷாவில் போட்டுவிட்டார்! விதி ரொம்பச் சின்னது: இத்தனை தையலுக்கு ஒரு தையல் கூட்டு. ஒவ்வொரு வரிசையிலும் அதே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போனால், இடம் போதாமல் ஓரம் தானாகவே சுருண்டு சுருண்டு மடியும். பார்த்தால் லெட்டூஸ் கீரை மாதிரி, பவளப்பாறை மாதிரி இருக்கும். மாதிரி என்ன மாதிரி, பல பவளங்களின் மடிப்பிலும் அதே ஜியோமெட்ரிதான். இதைப் பிடித்துக்கொண்டு ஆஸ்திரேலியாவில் பிறந்து லாஸ் ஏஞ்சல்ஸில் வாழும் மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் 2005-ல் குரோஷாவிலேயே ஒரு பவளப்பாறை பின்ன ஆரம்பித்தார்கள். பிறகு பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து பின்னியிருக்கிறார்கள். (தைமினா எழுதிய புத்தகத்துக்கு 2009-க்கான "விசித்திரமான புத்தகத் தலைப்பு" பரிசும் கிடைத்தது, 2012-ல் ஆய்லர் புத்தகப் பரிசும் கிடைத்தது. ஒரே புத்தகத்துக்கு இரண்டும்!)

இதுவரை சந்தோஷமான பகுதி. இனிமேல் கொஞ்சம் கடுப்பு.

ஸ்கார்ஃபைப் பார்த்த ஒரு தோழி, "சூப்பர்டி! எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு, நூல் காசு தந்துடறேன்" என்றாள். இன்னொருத்தி, "மால்ல இதே மாதிரி 499-க்குப் போட்டிருக்கான்" என்றாள். இரண்டு பேரும் நல்லவர்கள்தான், என் டிபன் பாக்ஸைக் காலி செய்வதைத் தவிர வேறு கெடுதல் செய்யாதவர்கள். ஆனால் இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன.

கணக்கு போடுவோம். அகலத்துக்கு 30 தையல். நீளத்துக்கு 140 வரிசை. மொத்தம் 4,200 தையல். தண்டைச் சுற்றிப் போடுவதால் நிமிஷத்துக்கு ஆறுக்கு மேல் என்னால் முடியாது. 700 நிமிஷம். நுனி நூல்களைச் சொருகி, நனைத்து, காயப்போட்டு எல்லாம் சேர்த்தால் பன்னிரண்டு மணி நேரம். அதாவது ஒன்றரை நாள் வேலை. 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். அதை வைத்துப் பார்த்தாலே 504 ரூபாய். நூல் எனக்கு 380 ஆனது. ஆக 884. இதில் என் மூளைக்குக் காசு போடவில்லை, வேப்பமரத்துக்கும் ராயல்டி போடவில்லை.

"மெஷின்ல போட்டா சல்லிசா வரும், அதான்" என்று நீங்கள் சொல்லலாம். அங்கேதான் சிக்கல். ஸ்வெட்டர் பின்ன மெஷின் உண்டு, ஏனென்றால் அதில் வளையங்கள் எல்லாம் ஊசிகளில் வரிசையாக நின்றுகொண்டிருக்கும். குரோஷாவில் ஒவ்வொரு தையலும் போட்டவுடனே மூடிக்கொள்கிறது. அடுத்த தையலுக்குக் கொக்கி வளைந்து நெளியும் துணிக்குள் ஒரு குறிப்பிட்ட ஓட்டையைத் தேடி நுழைய வேண்டும். கை செய்துவிடும், மெஷின் திணறும். ஆராய்ச்சிக்கூடங்களில் முயற்சி நடக்கிறது. ஆனால் கடைகளை நிரப்பும் அளவுக்கு குரோஷா போடும் மெஷின் இன்னும் வரவில்லை. மெஷினில் வருவதெல்லாம் குரோஷா மாதிரித் தோற்றம் தரும் வேறு வகைப் பின்னல். அடுத்த தடவை மாலுக்குப் போனால் வரிசைகளின் தலையைப் பாருங்கள். ஜடை மாதிரி ஒரு சங்கிலி ஒவ்வொரு வரிசையிலும் குறுக்காக ஓடினால் அது பெரும்பாலும் கைவேலைதான்.

ஆகவே அந்த 499 ரூபாய் ஸ்கார்ஃப் ஒன்று குரோஷாவே இல்லை, அல்லது யாரோ ஒருத்தர் கையால் போட்டது. கையால் போட்டதென்றால், நூல் விலை, தரகர் கமிஷன், லாரி, கடை வாடகை, ஏ.சி., லாபம் எல்லாம் போக அந்தக் கைக்கு எவ்வளவு போயிருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

இது ஒன்றும் புதுசு இல்லை. ஆந்திராவின் மேற்கு கோதாவரியில் நரசாபூர் என்று ஒரு ஊர். 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் சொல்லிக்கொடுத்த குரோஷா லேஸ், அங்கே சுற்றுவட்டாரம் முழுக்கப் பெண்களின் வேலையாகிவிட்டது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே போய்ப் பார்த்து 1982-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதன் சாரம், உலகச் சந்தைக்குப் போகும் பண்டத்தைச் செய்யும் பெண்களைத் தொழிலாளி என்று யாருமே கணக்கில் வைக்கவில்லை, "வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் பண்ணுகிறார்கள்" என்று வைத்துவிட்டார்கள் என்பது. சும்மா இருக்கிற நேரத்துக்கு எதற்குக் கூலி? வியாபாரமும் லாபமும் ஆண்கள் கையில். நரசாபூர் லேஸுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் குறியீடு பெயரைத்தான் காப்பாற்றும், கூலியை அது நிர்ணயிக்காது.

அயர்லாந்திலும் இதே மாதிரிதான். 1840-களில் உருளைக்கிழங்குப் பயிர் நோயில் அழிந்து பெரும் பஞ்சம் வந்தபோது, குளோன்ஸ் என்ற ஊரில் பாதிரியாரின் மனைவி கஸாண்ட்ரா ஹேண்ட், ஏழைக் குடும்பங்களுக்குப் பிழைக்க ஒரு வழியாக குரோஷாவைக் கொண்டுவந்தார். ரோஜா, இலை, ஷாம்ராக், திராட்சைக் கொத்து எல்லாம் தனித்தனியாகப் பின்னி வலையாக இணைப்பார்கள். இன்று நாம் "இயற்கை டிசைன்" என்று லைக் போடுவதற்கெல்லாம் பாட்டி அதுதான். அந்த ரோஜாக்களைப் பின்னியவர்கள் பசியில் பின்னினார்கள்.

"அப்போ பரிசா கூடக் குடுக்க மாட்டியா?" என்று ஒரு கேள்வி வரும். கொடுப்பேனே! பரிசு என்பது நான் முடிவு செய்வது. யாருக்கு, எப்போது, என்ன மரம் என்பது என் இஷ்டம். "நூல் காசு தந்துடறேன்" என்பது பரிசும் இல்லை, வியாபாரமும் இல்லை. நூலுக்கு மட்டும் விலை இருக்கிறது, பன்னிரண்டு மணி நேரத்துக்கு இல்லை என்று சொல்வது அது. எங்கள் வீட்டில் பெரியம்மா கல்யாணத்துக்குக் கல்யாணம் டீப்பாய் கவரும் ஒயர் கூடையும் போட்டுக் கொடுத்துக் கொடுத்தே கண்ணாடி போட்டுக்கொண்டார். யாரும் அவரை வேலை செய்கிறவர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "பெரியம்மாவுக்கு நல்லா பொழுது போகுது" என்பார்கள்.

போன மாசம் ஒரு விழாவில் ஸ்டால் போடச் சொன்னார்கள். விலைச்சீட்டு 150-க்கு மேல் வைத்தால் போகாது என்று ஒருவர் அறிவுரையும் சொன்னார். நான் 900 என்று எழுதி வைத்தேன். கீழே சின்ன எழுத்தில் "12 மணி நேரம்" என்றும் எழுதினேன். நிறையப் பேர் கையில் எடுத்துப் பார்த்தார்கள், 900-ஐப் பார்த்தார்கள், 12-ஐப் பார்த்தார்கள், மெதுவாக மடித்து வைத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தர்கூட "ஏன் இவ்வளவு?" என்று கேட்கவில்லை. சாயங்காலம் ஒரு அக்கா வந்து பேரமே பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். போகும்போது "வேப்பமரமா?" என்று கேட்டார். வானத்தில் பறந்தேன்!

அடுத்தது பனை. அடிமரத்தில் மட்டை விழுந்த தழும்புகள் வளையம் வளையமாக இருக்குமே, அது. கறுப்பு நூல் வாங்கியாயிற்று. வேண்டுமென்றால் அதே 900 ரூபாய். சொந்தமாக ஊசியும் ஒரு நூல்கண்டும் எடுத்துக்கொண்டு மதிய இடைவேளையில் வந்தால் சொல்லிக்கொடுப்பது இலவசம், டிபனில் பங்கு கிடையாது.