மௌனம் காத்தவரின் பாலம்



செக் நாட்டின் தலைநகரான பிராக் நகரினூடே வல்டாவா என்னும் ஆறு ஓடுகிறது. 1342-ஆம் ஆண்டு வெள்ளம் அங்கிருந்த பழைய கற்பாலத்தை அழித்துவிட்டது. 1357-இல் மன்னர் நான்காம் சார்லஸ் புதிய பாலத்திற்கு அடிக்கல் நாட்டினார். 16 வளைவுகள் தாங்க, 516 மீட்டர் நீண்டு கிடக்கும் அப்பாலம் இன்று அந்நாட்டின் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். வாகனங்களுக்கு இடமில்லை, நடந்தே கடக்க வேண்டும். (சுண்ணாம்புக் கலவையில் சேர்ப்பதற்கு ஊர்தோறும் முட்டை கேட்டார்களாம். வெகுளிகளான ஓர் ஊரார், வழியில் உடையாதிருக்க அவற்றை வேகவைத்து அனுப்பினார்களாம்! அங்குள்ளோர் சிரித்துச் சொல்லும் கதை இது.)

பாலத்தின் இருமருங்கும் 30 சிலைகள். அவற்றுள் ஒன்று நமக்கு உரியவருடையது: 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவ மக்களிடையே உழைத்த புனித சவேரியார். 1711-இல் வைக்கப்பட்ட அச்சிலை 1890-ஆம் ஆண்டு வெள்ளத்தில் ஆற்றில் சரிந்தது. இன்று நிற்பது அதன் மாதிரி.

ஆயினும் கூட்டம் மொய்ப்பது 1683-இல் நிறுவப்பட்ட புனித நெப்போமுக் அருளப்பரின் வெண்கலச் சிலையையே. அதன் பீடத்துப் பலகையைத் தொட்டால் அதிர்ஷ்டம் வரும் என்பது வழக்கு. எண்ணற்ற கைகள் பட்டுத் தேய்ந்து அது பொன்னாய் மின்னுகிறது. அங்கே செதுக்கப்பட்டிருப்பதோ, ஒரு குருவை ஆற்றில் தள்ளிக் கொல்லும் காட்சி! தொடுவோருள் எத்தனை பேர் அதைக் கவனித்தார்கள்?

அவர் பிராக் பேராயரின் முதன்மைக் குரு. மன்னர் வென்செஸ்லாஸ் அவரை வதைத்து, 1393 மார்ச் 20 அன்று இப்பாலத்திலிருந்து ஆற்றில் எறியச் செய்தார். ஒரு மடத்தின் புதிய தலைவரை மன்னரின் விருப்பத்திற்கு மாறாக அவர் உறுதிப்படுத்தியதே சினத்திற்குக் காரணம் என்பது வரலாற்றறிஞர் கூற்று. அரசியின் பாவசங்கீர்த்தனத்தை வெளியிட மறுத்தார் என்பது, பல பத்தாண்டுகளுக்குப் பின் எழுத்தில் தோன்றும் மரபு. அவர் தலையைச் சூழும் ஐந்து விண்மீன்களை, 'மௌனம் காத்தேன்' எனப் பொருள்படும் 'தாக்குயி' என்ற இலத்தீன் சொல்லின் ஐந்து எழுத்துகளாகவும் கொள்வர். முன்னதற்கே சான்று வலுவானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் மக்கள் ஏன் பின்னதைப் பற்றிக்கொண்டனர் என்பது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமரும் எவருக்கும் விளங்கும்.

"சாமி யாரிடமாவது சொல்லிவிடுவாரோ? நாளை கோவிலில் எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பது?" இவ்வச்சத்தால் ஆண்டுக்கணக்கில் விலகி நிற்போர் நம் பங்குகளில் உண்டு. அவர்கள் அறிய வேண்டியது இது: சொல்லாலோ சைகையாலோ, எக்காரணத்தை முன்னிட்டும், குரு அந்த இரகசியத்தை வெளியிடலாகாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 983-ஆம் விதி. அடுத்த விதி இன்னும் நுட்பமானது. வெளியே தெரிய வாய்ப்பில்லாதபோதும், கேட்டதைக்கொண்டு அவருக்குப் பாதகம் செய்யலாகாது. பாடகர் குழுவிலிருந்து ஒருவரை நீக்குவதற்குக்கூட அதைப் பயன்படுத்த வழியில்லை.

அப்படியும் பங்குக் குருவிடம் சொல்ல நா எழவில்லையா? அடுத்த பங்கிற்குச் செல்லுங்கள். பாவசங்கீர்த்தனம் கேட்க அதிகாரம் பெற்ற எந்தக் குருவிடமும் செல்ல உங்களுக்கு உரிமையுண்டு. எங்களுக்கு அதில் மனத்தாங்கல் இல்லை.