பொம்மைக்குக் கண் திறப்பது எது?

நவராத்திரி வந்துவிட்டால் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்து வீடுகளில் கொலுப்படிகள் எழும். மங்கிப்போன எங்கள் மண்பொம்மைகளுக்கு வண்ணம் தீட்ட நானும் ஏர்பிரஷ் பிடித்தேன். அழுத்திய காற்றால் வண்ணத்தைப் பனிபோல் படரவிடும் கருவி அது. சரியாகக் கரைக்காத வண்ணம் முனையை அடைத்து, திடீரென்று துப்பியது. பாட்டி காத்த செட்டியார் பொம்மையின் கண்ணும் மூக்கும் மறைந்தன!

பிழை கருவியுடையதன்று, என்னுடையது. வண்ணத்தைப் பால் பதத்துக்குக் கரைத்து, முதலில் பழந்தாளில் அடித்துப் பார்க்க வேண்டும். மெல்லிய பூச்சு காய்ந்தபின்னரே அடுத்தது. மூக்கை மூடிக்கொள்வதும் அவசியம்.

இயந்திரத்தை வெறுப்பது அறிவுடைமையாகாது. மேனிக்கும் ஆடைக்கும் அது போதும். ஆனால், கண்ணையும் புருவத்தையும் தூரிகையே எழுதட்டும். காற்றுக்கு வேகமுண்டு; நிதானமுண்டா? முதலில் தூரிகை பழகுவோம். பிறகு கருவி வாங்குவோம்!