முதியோருக்குப் படகு வேண்டாமா?

சென்ற மாதம் நம் சங்கச் செயற்குழுவில் வருடாந்திரச் சுற்றுலா பற்றிப் பேச்சு வந்தபோது, இம்முறை மூத்த உறுப்பினர்களை ஒரு நாள் காயல் வழியே போட்டில் அழைத்துப் போகலாமே என்று ஒரு யோசனை சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் நாலு பக்கமிருந்தும் எதிர்ப்பு. "தானூரை மறந்துவிட்டீர்களா சார்?" என்றார் ஒருவர். "ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?" என்றார் இன்னொருவர். கடைசியில் வழக்கம்போல ஒரு பஸ், வழக்கம்போல மூன்று கோயில்கள், மத்தியானம் சாம்பார் சாதம், தயிர் சாதம் என்று முடிவாயிற்று. கோயிலுக்குப் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் தள்ளிவிட்ட விஷயம் அவ்வளவு சுலபமாகத் தள்ளக்கூடியதல்ல என்பதால், ஆசிரியரிடம் கெஞ்சி இந்த இரண்டு பக்கங்களை வாங்கியிருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் குடியிருக்கும் இந்த ஊர் தண்ணீர் வழியாகப் போக்குவரத்து நடத்திய ஊர். கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும் நம்மில் எத்தனை பேர் வள்ளக்கடவு வரை நடந்து பார்த்திருக்கிறோம்? கோட்டைக்குள் நுழைந்து, பத்மதீர்த்தக் கரையைத் தாண்டி, மேற்கே ஈஞ்சக்கல் வழியாகப் போனால் வந்துவிடும். பெயரிலேயே வள்ளம் இருக்கிறது, கடவு இருக்கிறது. 1820-களில் ராணி கௌரி பார்வதி பாய் காலத்தில் வெட்டிய பார்வதி புத்தனாறு அங்கிருந்துதான் வேளிக்காயலையும் கடினங்குளம் காயலையும் தொட்டது. பிறகு திவான் மாதவராவ் காலத்தில் தொடங்கி 1880-வாக்கில் வர்க்கலை மலையைக் குடைந்து இரண்டு சுரங்கங்கள் போட்டார்கள். பெரியது 700 மீட்டருக்கும் மேல் நீளம். டைனமைட்டும் டிரில்லிங் மெஷினும் இன்று போல் கைக்கு எட்டாத காலத்தில் அந்தச் செம்மண் பாறையைக் குடைந்து தண்ணீரை விட்டார்கள் என்றால், ரயில்வேயில் பாலமும் தண்டவாளமும் பார்த்தே வயதான எனக்கு இன்றும் தொப்பியைக் கழற்றத் தோன்றுகிறது. அதற்குப் பின் திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே கொல்லம், ஆலப்புழை, கொச்சி என்று காயலும் கால்வாயுமாகவே போகலாம் என்றாயிற்று. தெற்கே, நம் நாஞ்சில் நாட்டுப் பக்கம், பூவாறிலிருந்து கன்னியாகுமரிக்கு வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் பாதியில் நின்றுவிட்டது. அது முடிந்திருந்தால் நம் தாத்தாக்கள் மாட்டுவண்டியில் முதுகு உடைய வந்திருக்க மாட்டார்கள்.

1918-ல் கொல்லத்திலிருந்து ரயில் வந்தது. 1931-ல் அது தம்பானூர் வரை வந்தது. வள்ளக்கடவின் கதை அத்தோடு தேய ஆரம்பித்தது. "உங்க ரயில்தான் அதைக் கொன்னுது" என்று என் மனைவி இன்றும் என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவாள். ராஜாக்கள் படகேறிய பழைய போட் புரை இப்போது பல்லுயிர் அருங்காட்சியகமாக இருக்கிறது. பார்க்க வேண்டிய இடம். ஆனால் வாசலுக்கு எதிரே ஓடும் புத்தனாற்றைப் பார்க்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும். கோவளத்திலிருந்து காசர்கோடு மாவட்டத்து பேக்கல் வரை 600 கிலோமீட்டருக்கு மேல் நீர்வழியை மீட்கிறோம் என்று அரசு ஒரு கம்பெனியே வைத்து வேலை செய்கிறது. ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போடுகிறார்கள். கரை வீடுகளின் சாக்கடைக் குழாய் ஆற்றைப் பார்த்துத் திறந்திருக்கும் வரை வாரியது மறுபடி முளைக்கத்தான் செய்யும்.

இனி என் சொந்த விஷயத்துக்கு வருகிறேன். உத்தியோக காலத்தில் ஆலப்புழை வழியாகப் போகும் கடற்கரைப் பாதையில் எத்தனையோ நாள் டிராலியில் போயிருக்கிறேன். பாலத்துக்குப் பாலம் கீழே போட் ஜெட்டி தெரியும். ஒரு நாள் கூட இறங்கி ஏறியதில்லை. ரிட்டயரான பிறகு முதல் வருடம் வீட்டில் நான் பட்ட பாட்டை, அல்லது என்னால் வீட்டில் பட்ட பாட்டை, விவரிக்க வேண்டியதில்லை. பேப்பரை இரண்டு தரம் படிப்பேன். சமையலறையில் போய் காஸ் அடுப்பின் ஜ்வாலை சரியில்லை என்று அபிப்பிராயம் சொல்வேன். மகன் வாரம் ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் முகம் காட்டுவான். மற்ற ஆறு நாளும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு நாள் அவளே, "எங்கேயாவது வெளியே போங்களேன், இல்லேன்னா என்னையும் கூட்டிண்டு போங்களேன்" என்றாள்.

இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். முதலில் போனது வேளி. அங்கே 2020-ல் விட்ட சோலார் குட்டி ரயிலைப் பார்க்க நான் ஆசைப்பட்டேன், அவள் பெடல் போட்டைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். அவள் அம்பாசமுத்திரத்துக்காரி. தாமிரபரணியில் நீந்தி வளர்ந்தவள். ஆனால் ஓடுகிற தண்ணீர் வேறு, நிற்கிற தண்ணீர் வேறு என்பது அவள் கட்சி. அடி தெரியாத தண்ணீரை நம்பக் கூடாதாம். அடுத்த மாதம் ரயிலில் ஆலப்புழை போய், அரசு ஜலகதாகத இலாகாவின் கோட்டயம் போட்டில் ஏற்றிவிட்டேன். ஏறும்போது என் முழங்கையைப் பிடித்த பிடி இறங்கும்வரை விடவில்லை. இரண்டரை மணி நேரம் போல் ஆகும். கட்டணமோ, ஒரு சாயாவும் இரண்டு வடையும் சாப்பிடுகிற காசுக்குப் பக்கத்தில்தான் வரும். ஹவுஸ்போட்டில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வெளியூர்க்காரர்கள் பார்க்கிற அதே காயல், அதே வயல், அதே வாத்துக்கூட்டம்.

அந்த போட்டில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. முன்னால் ஸ்ராங்க் என்பவர் சக்கரத்தைப் பிடித்திருப்பார். எஞ்சின் நடுவில் ஒரு பள்ளத்தில். அங்கே டிரைவர் உட்கார்ந்திருப்பார், அவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. ஸ்ராங்க் கயிற்றை இழுத்து மணியடித்தால், அந்த மணிக் கணக்கைக் கொண்டு அவர் எஞ்சினை முன்னே விடுவார், நிறுத்துவார், பின்னே விடுவார். கார்டும் டிரைவரும் கொடியாலும் விசிலாலும் பேசிக்கொள்வதைப் பார்த்தே காலம் கழித்தவனுக்கு இது உறவுக்காரர் வீடு மாதிரி. மூன்றாவது பயணத்தில் நான் மணியை எண்ண ஆரம்பித்ததைப் பார்த்து லஸ்கர் ஒருவர் சிரித்துவிட்டார். கோட்டயத்தை நெருங்கும் கால்வாயில், போட் வரும்போது தூக்கிவிடும் பொக்குப்பாலங்கள் உண்டு. அவை பழுதாகி நின்றால் காஞ்ஞிரம் ஜெட்டியோடு பயணம் முடிந்துவிடும். போகுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது.

என் மனைவி அங்கே கண்டது வேறு. ஜெட்டிக்கு ஜெட்டி ஏறும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழவிகள், ரேஷன் அரிசிப் பையோடு வருபவர்கள். நம் ஃப்ளாட்டில் எதிர்வீட்டுக்காரர் பெயர் நமக்கு வருடக்கணக்காகத் தெரியாது. அந்த போட்டில் அரை மணியில் இவளுக்கு மூன்று பேரின் முழங்கால் வலி வரலாறு தெரிந்துவிட்டது. இவள் மலையாளத்தில் தமிழ் பாதி. அவர்களுக்கு அதில் ஒரு சந்தோஷம். இப்போது மாதம் ஒரு தடவை போகிறோம். முஹம்மாவிலிருந்து குமரகத்துக்கு வேம்பநாட்டுக் காயலைக் கடக்கும் போட்டும் அவளுக்குப் பழகிவிட்டது. முஹம்மா ஜெட்டியில் ஒரு பாட்டி இவளுக்கு மாங்காய் எடுத்து வைத்திருப்பாள். முழங்கையைப் பிடிப்பது நின்று வெகுநாளாயிற்று, எனக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

ஆனால் செயற்குழுவில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் மாங்காயைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. விபத்துகள் நடந்தது உண்மை. 1924 ஜனவரியில் மகாகவி குமாரன் ஆசான் பல்லனையில் மூழ்கி இறந்தது கூட்டம் நெருக்கிய போட்டில். 2002 ஜூலை 27-ல் முஹம்மாவிலிருந்து குமரகம் போன போட்டில் 29 பேர் போனார்கள். பெரும்பாலும் வேலைக்குப் பரீட்சை எழுதப் புறப்பட்டவர்கள். 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் 45 பேர். அவர்களில் நம் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. 2023 மே 7-ல் தானூரில் 22 பேர், பாதிக்கு மேல் குழந்தைகள். அரசு போட் என்றால் பத்திரம், தனியார் போட் என்றால் ஆபத்து என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. குமரகத்திலும் தேக்கடியிலும் கவிழ்ந்தவை அரசு சார்ந்தவை.

ஆனால் இந்த நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதிலும் காயல் தானாக எழுந்து வந்து யாரையும் விழுங்கவில்லை. ஏற்றிய கூட்டமும், கூட்டம் நின்ற இடமும்தான் திரும்பத் திரும்ப வருகிற காரணம். தானூரில் மீன்பிடி படகை மாற்றிச் சுற்றுலா போட் ஆக்கி, அளவுக்கு மேல் ஆளேற்றி, பொழுது சாய்ந்த பிறகு விட்டார்கள். தேக்கடியில் கரையில் மிருகம் தெரிகிறது என்று எல்லாரும் ஒரு பக்கம் எழுந்து வந்ததாகச் சொன்னார்கள். ரயில் பெட்டியில் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தால் தண்டவாளம் தாங்கும். போட்டில் தாங்குவது தண்ணீர். மேல்தட்டில் ஆள் ஏற ஏற பாரத்தின் மையம் மேலே போகும். மேலே போன பாரம் ஒரு பக்கம் நகர்ந்தால், சாய்ந்த போட் நிமிர மறுக்கும். உரலை மேசைமேல் வைப்பதற்கும் விளக்குக் கம்பத்தை மேசைமேல் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான், இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

ஆகவே எண்ணிப் பார்த்து ஏறுவது நம் கையில் இருக்கிறது. போட்டின் பக்கத்தில் இத்தனை பேர் என்று எழுதியிருக்கும். அதற்கு மேல் கூட்டம் வந்தால் இறங்கி அடுத்ததில் போகலாம். ரிட்டயரானவனுக்கு என்ன அவசரம்? மேல்தட்டு வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டைத் தலைக்கு மேல் தொங்கவிடாமல் போட்டுக்கொள்ள வேண்டும். யார் சிரித்தாலும் சரி. சூரியன் மறைந்தபின் ஏறக் கூடாது. நாங்கள் இரண்டு தடவை இப்படி இறங்கி நின்றிருக்கிறோம். ஒரு தடவை மழையில் ஒரு மணி நேரம். வீடு திரும்பும்வரை என் மனைவி என்னிடம் பேசவில்லை.

இன்னொன்று, போட்களும் மாறி வருகின்றன. 2017 முதல் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் நடுவே ஓடும் ஆதித்யா சூரிய மின்சாரத்தில் ஓடுகிறது. 75 பேருக்கு இடம். இரண்டு அடிப்பகுதிகளை அகலமாகப் பிணைத்துக் கட்டியது என்பதால் அவ்வளவு எளிதில் சாயாது. டீசல் புகையும் கிடையாது, பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழும். 2023 ஏப்ரலில் கொச்சியில் தொடங்கிய வாட்டர் மெட்ரோவில் ஜெட்டியே மிதக்கிறது. வேலி ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். போட்டும் தரையும் ஒரே மட்டம். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஏறலாம். முழங்கால் தேய்ந்த நம்மவர்களுக்கு, மலைக்கோயில் படிகளைவிட இது எவ்வளவோ மேல். சுற்றுலாக் குழு அன்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பஸ்ஸில் ஆறு மணி நேரம் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தால் கால் வீங்கும் என்று சென்ற வருடமே நாலு பேர் சொன்னார்கள்.

முதல் பயணத்துக்கு வைக்கத்தைச் சொல்வேன். 1925 மார்ச்சில் காந்திஜி வந்து இறங்கிய போட் ஜெட்டி ஊர் அது. சத்தியாக்கிரகத்தில் பெரியார் சிறை சென்ற ஊர். புதுப்பித்த பெரியார் நினைவிடத்தை 2024 டிசம்பரில் இரு மாநில முதல்வர்களும் சேர்ந்து திறந்தார்கள். மகாதேவர் கோயிலும் இருக்கிறது, கோயில் வேண்டும் என்பவர்களுக்கும் குறையில்லை. காலை ரயிலில் சேர்த்தலை, அங்கிருந்து தவணக்கடவு, ஆதித்யாவில் அக்கரை, மாலை இருட்டுமுன் இக்கரை. பத்திருபது பேருக்கு மேல் வேண்டாம். இரண்டு இளைஞர்கள் கூட வரட்டும். பேரப்பிள்ளைகள் வந்தால் இன்னும் நல்லது.

செயற்குழு மறுபடியும் பஸ் என்றே சொன்னாலும் நாங்கள் இருவரும் போகத்தான் போகிறோம். சாலைக் கடைத்தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பேசி என் மனைவி ஏற்கெனவே ஆறு பெயர் எழுதி வைத்திருக்கிறாள். அதில் இரண்டு பேர், அன்றைய கூட்டத்தில் எனக்கு எதிராகக் கை தூக்கியவர்களின் வீட்டுக்காரிகள்.